ஜெனோவாவில் கப்பல் ஏறுமுன்: எங்கே தங்குவது, எந்த நேரத்தில் எதை உண்பது

இத்தாலியின் வடமேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருக்கும் ஜெனோவாவிலிருந்து மத்தியதரைக் கடல் உல்லாசக் கப்பல்கள் ஆண்டு முழுவதும் புறப்படுகின்றன. விமானத்திலிருந்து இறங்கி நேரே கப்பலுக்குச் செல்பவர்களும் கப்பலிலிருந்து இறங்கி நேரே ரயிலேறுபவர்களும் இந்நகரின் இரண்டு பெரும் பேறுகளை, அதாவது அதன் பழைய சந்துகளையும் சமையலையும், காணாமலே போய்விடுகிறார்கள். கப்பல் ஏறுவதற்கு முன் ஓரிரு இரவுகளோ, இறங்கிய பின் ஒரு நாளோ இங்கே தங்க எண்ணும் புதியவர்களுக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. தங்குமிடத்தைக் கையிலுள்ள பெட்டியைப் பார்த்தும், உணவைக் கடிகாரத்தைப் பார்த்தும் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இந்நகரில் அதிகத் தொல்லை நேராது.

முதற்படி: கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது?

விடுதியைத் தேடத் தொடங்குமுன் பயணச்சீட்டில் துறைமுகத்தின் பெயரைச் சரியாகப் படிக்க வேண்டும். எம்.எஸ்.சி. நிறுவனத்தின் கப்பல்கள் பெரும்பாலும் ஜெனோவாவிலிருந்தே கிளம்புகின்றன. கோஸ்தா நிறுவனத்தின் தலைமையகம் ஜெனோவாவில் இருந்தாலும், அதன் கப்பல்கள் பல, மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சவோனாவிலிருந்து புறப்படுகின்றன. சவோனா என்று சீட்டில் இருந்தாலும் ஜெனோவாவில் தங்கி, காலையில் ரயிலேறிச் செல்வது இயலக்கூடியதே. ஆனால் அதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

ஜெனோவாவுக்குள்ளும் ஒரு குழப்பம் உண்டு. உல்லாசக் கப்பல்கள் நிற்கும் முனையம் ஸ்தாத்சியோனே மரித்திமா எனப்படும். 1930இல் திறக்கப்பட்ட பொன்தே தெய் மில்லே கட்டடம் அதன் முகப்பாகும். சார்தீனியா, சிசிலி, கோர்சிகா முதலிய தீவுகளுக்குச் செல்லும் பயணியர் படகுகளின் முனையம் அதற்கு மேற்கே தனியாக இருக்கிறது. வாடகை வண்டி ஓட்டுநரிடம் வெறுமனே துறைமுகம் என்று சொன்னால் தவறான முனையத்தில் இறங்க நேரலாம். கப்பலின் பெயரையும் பொன்தே தெய் மில்லே என்பதையும் சேர்த்துச் சொல்வதே பாதுகாப்பானது.

இரண்டாம் படி: ஓர் இரவு முன்னதாக வந்து சேர்வது

ஜெனோவாவுக்குக் கிறிஸ்தோஃபொரோ கொலம்போ என்ற விமான நிலையம் உண்டென்றாலும், இந்தியாவிலிருந்து வருபவர்களில் பலருக்கு மிலான் மல்பென்சா விமான நிலையமே வசதியாக அமையும். அங்கிருந்து மிலான் மைய நிலையத்துக்கு ஒரு ரயிலும், மையத்திலிருந்து ஜெனோவா பியாத்சா பிரின்சிப்பே நிலையத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓடும் இன்னொரு ரயிலும் பிடிக்க வேண்டும். விமானத் தாமதம், பெட்டிக்கான காத்திருப்பு, இத்தாலியில் அவ்வப்போது முன்னறிவிப்போடு நடக்கும் ரயில் வேலைநிறுத்தம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று போதும், அன்றே கப்பல் பிடிக்கும் திட்டத்தைக் குலைக்க. ஏறுபவர்களின் பதிவு கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்பே முடிக்கப்பட்டுவிடும் என்பதையும், கப்பல் யாருக்காகவும் காத்திராது என்பதையும் எண்ணினால் ஓர் இரவுக்கான விடுதிச் செலவு பெரிதாகத் தோன்றாது.

விசா குறித்து ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கப்பல் சீட்டோடு கரையில் தங்கும் இரவுகளுக்கான முன்பதிவையும் காட்ட வேண்டியிருக்கும். கப்பல் நடுவே துனிசியா, மொராக்கோ, துருக்கி போன்ற ஷெங்கன் அல்லாத நாடுகளின் துறைகளைத் தொடுமானால், ஒருமுறை நுழைவுக்கு மட்டும் அனுமதிக்கும் விசா போதாது. பலமுறை நுழைவு விசாவே கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாம் படி: பகுதியைத் தேர்ந்தெடுப்பது

கடலில் செல்பவர்களுக்குப் படுக்கை தருவது இந்நகரின் பழைய தொழில். பிரின்சிப்பே நிலையத்திலிருந்து கீழே இறங்கினால் வரும் கொம்மெந்தா தி ப்ரே என்ற கல்மண்டபம், புனித பூமிக்குக் கப்பலேறிய யாத்திரிகர்களுக்காக 1180இல் நிறுவப்பட்ட சத்திரமாகும். இப்போது அதில் இத்தாலியக் குடிபெயர்வு அருங்காட்சியகம் இயங்குகிறது. பின்னர் 1576இல், அரசு விருந்தினர் வந்தால் எந்தெந்தப் பிரபுக்களின் மாளிகையில் தங்க வைப்பது என்று, அப்போது தனிநாடாயிருந்த ஜெனோவாக் குடியரசு அதிகாரபூர்வமான பட்டியல்களே வகுத்தது. அந்தப் பட்டியல்களில் இடம்பெற்ற ரோல்லி மாளிகைகளில் 42, வியா காரிபால்தி உள்ளிட்ட தெருக்களோடு சேர்ந்து 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயின. இன்றைய பயணி தம் பட்டியலைத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே ஓர் இரவு, கனத்த பெட்டிகள், காலையில் கப்பல் என்ற நிலையிலிருப்பவர்களுக்குப் பிரின்சிப்பே நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியும், அங்கிருந்து கிழக்கே செல்லும் வியா பல்பி தெருவுமே ஏற்றவை. ரயிலிலிருந்து இறங்கிச் சில நிமிடங்களில் அறைக்குப் போய்விடலாம். மறுநாள் கப்பல் முனையத்துக்கு இறக்கத்தில் பத்து நிமிட நடைதான். நிலையத்துக்கு எதிரே உயர்ந்து நிற்கும் கிராண்ட் ஹோட்டல் சவோயா போன்ற பெரிய விடுதிகளும், பழைய கட்டடங்களின் ஒன்றிரண்டு தளங்களில் மட்டும் இயங்கும் எளிய விடுதிகளும் இங்கே அருகருகே கிடைக்கின்றன. பகலில் பல்கலைக்கழக மாணவர்களால் நிறைந்திருக்கும் வியா பல்பிக்கும், அதற்கு இணையாகக் கீழே ஓடும் வியா ப்ரே சந்துக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. வியா ப்ரே பல நாட்டுக் குடியேறிகளின் கடைகள் நிறைந்த, பகலில் மிகச் சுவையான தெரு. ஹலால் இறைச்சியும் நமக்குப் பழக்கமான மசாலாப் பொருள்களும் வேண்டுபவர்கள் இங்கேதான் தேட வேண்டும். ஆனால் பின்னிரவில் பெட்டியோடு அவ்வழியே நடப்பதைத் தவிர்ப்பது நல்லது. அறை வாடகை மலிவாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து அந்தச் சந்துக்குள் முன்பதிவு செய்வதை, முதன்முறை வருபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு இரவுகள் உள்ளவர்கள் பியாத்சா தெ ஃபெர்ராரி சதுக்கத்துக்கும் பிரிஞோலே நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியை எண்ணிப் பார்க்கலாம். இவ்விரண்டையும் இணைக்கும் வியா வெந்தி செத்தெம்ப்ரே தெருவின் இருபுறமும் வளைவுத் தாழ்வாரங்கள் அமைந்திருப்பதால், மழையிலும் நனையாமல் பெரும்பகுதி தூரம் நடக்கலாம். தெருக்கள் அகலமானவை, வாடகை வண்டி வாசல் வரை வரும், சந்தையும் உணவகங்களும் அருகில் இருக்கின்றன. கப்பல் முனையத்துக்குப் போக, பிரிஞோலேயிலிருந்து பிரின்சிப்பேக்கு ரயிலிலோ மெட்ரோவிலோ சில நிமிடங்கள் பயணம் செய்தால் போதும். குடும்பத்தோடு வருபவர்களுக்கு என் முதல் தேர்வு இதுவே.

சந்துகளின் உள்ளே, அதாவது உள்ளூரார் கருஜி என்று அழைக்கும் இடைக்காலத் தெருப்பின்னலுக்குள் தங்குவது மறக்க முடியாத அனுபவம்தான். ஆனால் அதற்குச் சில விலைகள் உண்டு. கார்கள் நுழைய முடியாத இடம் என்பதால் பெட்டியைக் கல்பாவிய தரையில் இழுத்துச் செல்ல வேண்டும்; பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது; எதிர்வீட்டுச் சன்னலைக் கைநீட்டித் தொட்டுவிடலாம் போல் சந்து ஒடுங்கியிருப்பதால் அறைக்குள் வெளிச்சம் குறைவு. தோளில் மாட்டும் பையோடு மட்டும் வருபவர்கள் தாராளமாக இங்கே தங்கலாம். சான் லொரென்சோ பேராலயத்தைச் சுற்றியுள்ள சந்துகள், மத்தலேனா பக்கத்துச் சந்துகளைவிட இரவில் நடக்க எளிதானவை.

கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ 1992இல் புதுப்பித்த பழைய துறைமுகமான போர்த்தோ அந்திகோவையொட்டிய அறைகள் மீன்காட்சியகத்துக்கு அருகில் இருப்பதால் குழந்தைகளுக்குப் பிடிக்கும். கடல் பார்த்த சன்னல் என்று விளம்பரம் சொன்னால், அந்தச் சன்னலுக்கும் கடலுக்கும் நடுவே சொப்ரலெவாத்தா என்ற மேம்பாலச் சாலை ஓடுகிறதா என்று நிலப்படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் வண்டி இரைச்சல் இரவிலும் முழுமையாக அடங்காது. அமைதி வேண்டுபவர்களுக்கு மேட்டில் உள்ள கஸ்தெல்லெத்தோ பகுதி இருக்கிறது; பியாத்சா போர்த்தெல்லோவிலிருந்து பொது லிஃப்டில் ஏறினால் நகரக் கூரைகளும் துறைமுகமும் காலடியில் விரியும் மேடையை அடையலாம். கிழக்கே கடலோரமாயுள்ள பொக்கதாஸ்ஸேயும் நேர்வியும் அழகானவை. ஆனால் கப்பல் ஏறும் நாளுக்கு முந்தைய இரவில் தங்க அவை தொலைவு. மாலையில் உலாவிவிட்டுத் திரும்புவதற்கே பொருத்தமானவை.

நான்காம் படி: முன்பதிவை உறுதி செய்யுமுன்

லிஃப்ட் இருக்கிறதா, இருந்தால் தெருவாசலிலிருந்தே தொடங்குகிறதா அல்லது பத்துப் படிகள் ஏறிய பிறகா என்று விடுதிக்கு எழுதிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். இந்நகரில் அது வழக்கமான கேள்வியே. கோடையில் வருபவர்கள் குளிர்சாதன வசதியையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். செப்டம்பர் மாதத்தில் பன்னாட்டுப் படகுக் கண்காட்சி நடக்கும் நாள்களில் அறைகள் அரிதாகும், வாடகையும் ஏறும். அந்நாள்களில் கப்பலேறுபவர்கள் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

வாடகைக் குடியிருப்பு எடுப்பவர்கள் விளம்பரத்தில் சி.ஐ.என். என்ற தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2025 ஜனவரி முதல் அது இத்தாலி முழுவதும் கட்டாயம். அந்த எண் இல்லாத வீட்டைத் தவிர்ப்பதே சரி. எந்த வகைத் தங்குமிடமானாலும் தங்குபவர் விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்புவது அங்கே சட்டப்படியான கடமை என்பதால், ஒவ்வொருவருடைய அசல் கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். முன்பதிவின்போது கட்டிய தொகையில் நகர வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று விடுதியின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடப்படும் அவ்வரியை அங்கேயே செலுத்த வேண்டியிருக்கும்.

முகவரி தேடும்போது பலரையும் சுற்றவிடும் ஒரு வழக்கம் ஜெனோவாவுக்கு உண்டு. வீடுகளுக்குக் கறுப்பு எண்களும், கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சிவப்பு எண்களும் தரப்பட்டுள்ளன. இரண்டும் தனித்தனி வரிசைகள். ஆகவே ஒரே தெருவில் கறுப்பு 16 ஓரிடத்திலும் சிவப்பு 16 வேறோரிடத்திலும் இருக்கும். முகவரியில் எண்ணை அடுத்து ஆர் என்ற எழுத்து இருந்தால் சிவப்பு எண்ணைத் தேட வேண்டும் என்று பொருள்.

ஐந்தாம் படி: கடிகாரத்தோடு ஒத்து உண்பது

புதிதாக வருபவர்கள் பசியோடு அலைய நேர்வதற்கு முக்கியக் காரணம், பிற்பகல் நான்கு மணிக்கு முழுச் சாப்பாடு தேடுவதுதான். த்ரத்தோரியா எனப்படும் குடும்ப உணவகங்களில் மதிய உணவு ஏறத்தாழ பன்னிரண்டரை முதல் இரண்டரை வரையும், இரவு உணவு ஏழரைக்குப் பின்னரும் மட்டுமே கிடைக்கும். நடுவே அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு இரவிலும் திங்களன்றும் பல உணவகங்கள் மூடியிருக்கும். ஆகஸ்டு நடுப்பகுதியில் விடுமுறைக்காக வாரக்கணக்கில் மூடுபவர்களும் உண்டு.

காலை உணவுக்கு விடுதியை நம்பியிருக்கத் தேவையில்லை. தெருமுனை ரொட்டிக் கடையில் சூடாக விற்கப்படும் ஃபொக்காச்சா, ஆலிவ் எண்ணெயும் உப்பும் ஊறிய, விரற்கடைத் தடிமனுள்ள தட்டை ரொட்டி. ஜெனோவாக்காரர்கள் அதைக் கப்புச்சினோவில் தோய்த்தே உண்பார்கள். உப்பும் பாலும் சேருமா என்று முதலில் தயங்குபவர்கள்கூட இரண்டாம் நாள் தாமாகவே தோய்க்கத் தொடங்கிவிடுவார்கள். இது எடைக்கு விற்கப்படுகிறது; நூறு கிராம் ஓர் எத்தோ எனப்படும்; எவ்வளவு துண்டு வேண்டும் என்று கையால் காட்டினாலும் வெட்டித் தருவார்கள். வெங்காயம் பரப்பியதையும் ஒருமுறை சுவைக்க வேண்டும். கிழக்கே உள்ள ரெக்கோ ஊரின் பெயரால் வழங்கும் பாலாடைக்கட்டி ஃபொக்காச்சா முற்றிலும் வேறு பண்டம்: புளிக்க வைக்காத மெல்லிய இரு மாவுத்தாள்களுக்கு நடுவே இளகிய கட்டி உருகி நிற்கும், ஆறுவதற்குள் உண்ண வேண்டும்.

மதியத்துக்கு எளிதான இடம் மெர்க்காத்தோ ஓரியெந்தாலே. வியா வெந்தி செத்தெம்ப்ரே தெருவில், பழைய மடம் ஒன்றின் முற்றத்தில் 1899 முதல் நடந்துவரும் இச்சந்தையின் நடுவே இப்போது உணவுக் கடைகளும் மேசைகளும் அமைந்துள்ளன. ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு சுவை உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி. பழம் வாங்கும்போது நாமே கையால் அழுத்திப் பார்த்துப் பொறுக்குவது அங்கே நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. விற்பவரிடம் சொன்னால் அவரே எடுத்துத் தருவார். மீன் உண்பவர்கள் துறைமுகத்தையொட்டிய சொத்தோரிபா வளைவுத் தாழ்வாரத்துக்குச் செல்லலாம். பொரித்த நெத்திலியையும் கணவாயையும் காகிதப் பொட்டலத்தில் தரும் பழைய பொரிப்புக் கடைகள் அங்கே உள்ளன.

நம்மவர்களுக்கு இந்நகரம் அளிக்கும் பெரிய விருந்து ஃபரினாத்தா என்பேன். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகிய நான்கு மட்டுமே சேர்ந்த நீர்த்த கரைசலை, ஈயம் பூசிய அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டெடுப்பார்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமாக, அடைக்கு ஒன்றுவிட்ட உறவு போலிருக்கும். 1284இல் பீசாவை மெலோரியாப் போரில் வென்று திரும்பிய கப்பலில் கடலைமாவு கடல்நீரில் நனைந்து பிறந்ததே இது என்று உள்ளூரில் கதை சொல்வார்கள். கதையை நம்பாவிட்டாலும் மிளகுத்தூள் தூவி உண்ணத் தடையில்லை. வியா தெய் ஜுஸ்தினியானி தெருவிலுள்ள சா பெஸ்தா இதற்குப் பேர்போன பழைய கடை. ஃபரினாத்தா அடுப்பிலிருந்து வரும் நேரத்தைக் கேட்டறிந்து போவது நல்லது. ஆறியதை மீண்டும் சூடாக்கித் தந்தால் பாதிச் சுவைதான் மிஞ்சும்.

இரவு உணவுக்கு முன், ஆறு மணியை ஒட்டி, மதுக்கடைகளில் ஒரு பானத்தோடு ஆலிவும் சிறு தின்பண்டங்களும் தரும் அப்பெரித்தீவோ வழக்கம் உண்டு. மது அருந்தாதவர்கள் பழச்சாறு கேட்கலாம். பசிக்கும் குழந்தைகளை ஏழரை வரை சமாளிக்க இது உதவும். இரவில் சந்துகளுக்குள் உள்ள சிறு உணவகங்களுக்குப் போவதானால், குறிப்பாக வெள்ளி, சனிக்கிழமைகளில், பகலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். மேசைகள் மிகக் குறைவு.

ஆறாம் படி: சைவமும் பிற கட்டுப்பாடுகளும்

லிகூரியா மாநிலத்தின் சமையலில் காய்கறிக்கும் கீரைக்கும் பெரும் பங்கு இருப்பதால், சைவ உணவினருக்கு இத்தாலியின் பிற துறைமுக நகரங்களைவிட ஜெனோவாவில் வழி அதிகம். பெஸ்டோ பிறந்த ஊர் இது. பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய், இருவகைப் பாலாடைக்கட்டி ஆகியவற்றை அரைத்துச் செய்யும் அதை, உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த த்ரெனெத்தே என்ற பாஸ்தாவிலோ, முறுக்கிய சிறு பாஸ்தாவான த்ரோஃபியேயிலோ கலந்து தருவார்கள். த்ரோஃபியே பெரும்பாலும் மாவும் நீரும் மட்டுமே சேர்ந்தது என்பதால் முட்டை உண்ணாதவர்களுக்கு ஏற்றது. பட்டுக் கைக்குட்டை போல் மெலிதான மந்தில்லியில் முட்டை உண்டு. காட்டுக் கீரைகளை அடைத்து வால்நட் குழம்போடு தரும் பன்சோத்தியில் இறைச்சி இல்லை, முட்டை இருக்கக்கூடும். கீரையும் தயிர் போன்ற பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடும் தோர்த்தா பஸ்குவலீனாவுக்குள் முழு முட்டைகளே இருக்கும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெஸ்டோவில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே செய்யப்படுவதால், கண்டிப்பான சைவர்கள் அதைப் பாலாடைக்கட்டி இல்லாமல் கேட்க வேண்டும். முன்னரே அரைத்து வைத்திருந்தால் அது கிடைக்காது. ஃபொக்காச்சாவில் சில கடைகள் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பதுண்டு. ஸ்த்ருத்தோ இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். தொக்கோ என்று பட்டியலில் கண்டால் அது இறைச்சிக் குழம்பு. அடைத்த காய்கறிகளான ரிபியேனியில் இறைச்சி இருக்கலாம். ஃபரினாத்தாவிலும் குஞ்சுமீன் சேர்த்த வகை ஒன்றுண்டு. வெறும் ஃபரினாத்தா என்று சொல்லிக் கேட்க வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் மன்சோ, விதெல்லோ என்ற இரு பெயர்களையும், பன்றி உண்ணாதவர்கள் மயாலே என்பதையும் நினைவில் வைத்தால் போதும். சென்சா கார்னே, சென்சா பெஷே என்று சொன்னால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்பது விளங்கிவிடும். சைவம் என்று மட்டும் சொன்னால் நெத்திலியைக் கணக்கில் கொள்ளாத சமையற்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அசைவத்தில் ஊரின் சுவையை அறிய விரும்புபவர்கள் உலர்ந்த காட் மீனை உருளைக்கிழங்கு, ஆலிவோடு மெல்ல வேகவைத்த ஸ்தொக்கஃபீசோவையும், கன்றிறைச்சிக்குள் முட்டையும் காயும் அடைத்துக் குளிர்ந்தபின் அரிந்து தரும் சீமாவையும் தேடலாம்.

ஏழாம் படி: பில்லைப் படிப்பது

அமர்ந்து உண்ணும் இடங்களில் தலைக்குச் சில யூரோக்கள் கொபேர்த்தோ என்று சேர்க்கப்படும். அது ரொட்டிக்கும் மேசைக்குமான வழக்கமான கட்டணம், ஏமாற்று அல்ல. தனியாக அன்பளிப்பு தர வேண்டிய கட்டாயமில்லை. காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் கூடுதல் விலை. குழாய்நீர் குடிக்கத் தகுந்தது. உணவகத்தில் தண்ணீர் கேட்டால் புட்டி நீரே வரும், வாயு சேர்த்ததா சேர்க்காததா என்று மட்டும் கேட்பார்கள். மீன் விலைக்கு நேரே எத்தோ என்று இருந்தால் அது நூறு கிராமுக்கான விலை. முழு மீனை ஆணையிடுமுன் எடையைக் கேட்காதவர்களே பில்லைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

எட்டாம் படி: ஏறும் நாளும் இறங்கும் நாளும்

கப்பல் ஏறும் நாளில் அறையைக் காலையில் ஒப்படைத்துவிட்டு, பெட்டியை விடுதியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பெரும்பாலான விடுதிகள் இதை மறுப்பதில்லை. தமக்குக் குறித்த ஏறும் நேரத்துக்குள் சந்துகளில் ஒரு சுற்று நடந்து, வியா சொத்சீலியாவில் 1780 முதல் தொழில் செய்துவரும் ரொமானெங்கோவின் பழைய மிட்டாய்க் கடையைப் பார்த்துவிட்டு, சிற்றுண்டியை முடித்துக்கொண்டு இறங்கிச் செல்லலாம். உருளும் பெட்டியோடு நடப்பவர்கள் சந்துகளின் வழியே குறுக்குப் பாதை தேடாமல், நிலையத்தின் முன்னுள்ள அக்குவவெர்தே சதுக்கத்திலிருந்து பெரிய சாலை வழியே முனையத்துக்கு இறங்க வேண்டும்.

இறங்கும் நாளில் நிலைமை தலைகீழாகும். கப்பல் காலையிலேயே பயணிகளை இறக்கிவிடும். விடுதி அறையோ பிற்பகலில்தான் கிடைக்கும். பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டை பன்னிரண்டரைக்கே முடித்துக்கொள்வது நல்லது. ஒரே வேளையில் ஆயிரக்கணக்கானோர் இறங்குவதால் வாடகை வண்டி வரிசை நீண்டிருக்கும். பிரின்சிப்பே வரை நடக்க முடிந்தவர்கள் நடந்துவிடலாம், ஆனால் இப்போது அது ஏற்றம். அன்றே மிலானிலிருந்து விமானம் பிடிப்பவர்கள் மாலைக்கு முன் புறப்படும் விமானத்தில் பதிவு செய்யாமலிருப்பது நல்லது. வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கியிருந்தால் ஏறுமுன் நடைமேடையிலுள்ள கருவியில் அதை முத்திரையிட மறக்கக்கூடாது.